எங்கள் வீட்டுக் கருத்துக்கணிப்பு

அமெரிக்காவில் யார் ஜனாதிபதியாக வந்தாலும், ஜெர்மனியில் ஹம் நகரத்து முதியோர் இல்லத்துக்கு விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிறவள் நான்தான். அதனால் அந்த நாட்டுத் தேர்தலைப் பற்றி எனக்கு ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை. இவர் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கிராங்க் என்று சுகயீன லீவில் வீட்டில் நின்ற மாரிகாலத்தில்தான் அமெரிக்கா எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

இவர் என்றால் என் கணவர். கேபிள் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்து முழங்கால் தேய்ந்துபோன மனுசன். சும்மா இருக்கத் தெரியாது. அப்படிப்பட்டவரைக் காலை நீட்டிச் சோபாவில் கிட என்று டாக்டர் சொல்லிவிட்டால், பாவம், என்ன செய்வார்? கையில் போனை எடுத்தார். முதலில் சமையல் வீடியோ பார்த்தார். பிறகு பழைய கிரிக்கெட். அங்கிருந்து எந்தச் சந்தில் திரும்பினாரோ தெரியாது, ஒரு வாரத்தில் அமெரிக்கத் தேர்தலில் போய் நின்றார்.

தேர்தலுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அங்கே கட்சிக்குள்ளேயே முதலில் ஒரு போட்டி வைப்பார்களாம். எங்கள் ஆள் யார் என்று தங்களுக்குள் தெரிவு செய்துவிட்டுத்தான் மற்றக் கட்சியோடு மோதுவார்களாம். அந்த உள்போட்டிக்கும் எத்தனையோ மாதம் முன்னதாகவே, மாநிலம் மாநிலமாக ஆட்களுக்குப் போன் எடுத்து, நீங்கள் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்பார்களாம். நான் வேலையால் களைத்து வந்து சோற்றைப் பிசையும்போது, ஐந்தாம் இடத்தில் நின்ற ஒருவர் நாலாம் இடத்துக்கு ஏறிய கதையை இவர் எனக்குச் சொல்லுவார். அந்த மாநிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. சோளம் விளைகிற இடம் என்பார்.

முன்னுக்கு நிற்பவர்களை இவருக்குப் பிடிக்காது. யாருக்கும் பெயர் தெரியாத, கணக்கில் நூற்றுக்கு ஒரு வீதமோ இரண்டு வீதமோ எடுத்துக்கொண்டு கடைசியில் நிற்கிற ஒருவரைத் தன் ஆளாக்கி வைத்திருந்தார். இப்போதைய கணிப்பை நம்பக் கூடாது, இப்போது சனம் கேள்விப்பட்ட பெயரைத்தான் சொல்லும், போகப் போகப் பார் என்பார். நானும் பார்த்தேன். அந்த மனிதர் ஒருநாள் போட்டியிலிருந்து விலகிவிட்டார். இவர் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. உங்களுக்கு அங்கே வாக்கே இல்லை, இதற்கு ஏன் இந்தப் பாடு என்று நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் நகரத்திலேயே ஒரு தேர்தல் வந்தது.

எங்களுக்கு இங்கே ஒரு தமிழ் மன்றம் இருக்கிறது. முறைப்படி ஃபெரைன் என்று பதிவு செய்த சங்கம். பொங்கல், ஆண்டு விழா, பிள்ளைகளின் பேச்சுப் போட்டி எல்லாம் அதுதான் நடத்தும். பல வருடம் தலைவராக இருந்த பெரியவர், மகனோடு இருக்கப் பிராங்பேர்ட்டுக்குப் போகிறேன் என்று அறிவித்தார். உடனே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், நான் நிற்கிறேன் என்று முன்னுக்கு வந்தார். கடைக்காரருக்கு ஆள்பலத்துக்குக் குறைவில்லை. அரிசி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரித்தான். மன்றத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டி இழுத்த பழைய ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை நிறுத்த வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் நின்றால் வாக்குப் பிரிந்து கடைக்காரர் சுகமாக வென்றுவிடுவார். ஒருவர்தான் நிற்கலாம்.

அந்த ஒருவர் என்று எல்லாரும் மனதுக்குள் நினைத்தது இவருடைய நண்பரை. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஜெர்மனிக்கு வந்தவர்கள். அகதிகளுக்கான விடுதியில் ஒரே அறை, அடுக்குக் கட்டிலில் அவர் மேலே, இவர் கீழே. அவர் இவரைவிடக் கொஞ்சம் மூத்தவர், நல்ல பேச்சுக்காரர். விழா என்றால் மேடையில் அவர்தான். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறக்காத தமக்கை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், கோப்பையைப் பார்த்துக்கொண்டே இவர் சொன்னார்.

"நான் நிண்டா என்ன?"

நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

மன்றத்தில் இவருடைய வேலை என்ன என்று சொன்னால்தான் இது விளங்கும். கதிரை அடுக்குவது இவர். ஸ்பீக்கர் பொக்ஸைத் தூக்கி ஏற்றுவது, வயர் இழுப்பது, விழா முடிந்தபின் பொங்கல் கிடாரத்தைச் சுரண்டிக் கழுவுவது எல்லாம் இவர். மேடையில் போடுகிற மாலைகளைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார், ஒன்றுகூட இவர் கழுத்துக்கு வந்ததில்லை. இவருடைய குரலை ஹம் நகரத்துத் தமிழருக்கெல்லாம் தெரியும், ஆனால் ‘ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அந்த மைக்கில் இவர் பேசி யாரும் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் இதைப் பற்றி இவர் ஒரு குறையும் சொன்னதில்லை. அதனால் ஆசை இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுசனின் ஆசையைத் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

நில்லுங்கோ என்றேன். இவர் தலையாட்டவில்லை. அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தாய்தானே என்றார். முதலில் சனத்தைக் கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்து, ஆதரவு இருந்தால் நிற்பது. இல்லையென்றால் பேசாமல் இருப்பது.

"சனத்துக்கு விருப்பமில்லை எண்டா நான் நிக்கேல்லை. நீர் முதல் கேட்டுப் பாரும்."

எனக்கு அவருடைய பயம் தெரியும். இவர் கோபக்காரர் இல்லை, ஆனால் ஒரு இடத்தில் மனம் நொந்தால் அந்தப் பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்கமாட்டார். சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்தில் இவரைக் குடும்பப் படத்துக்கு நிற்கக் கூப்பிடவில்லை என்று, அந்த வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டவர். சண்டை பிடிக்கவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. மன்றத்தில் நின்று எல்லாருக்கும் முன்னால் தோற்றால் அத்தோடு மன்றமும் போகும், அந்த நண்பரும் போவார். அந்த இரண்டும் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இவருக்கு வேலையும் நானும் சோபாவும்தான். ஆகவே கருத்துக்கணிப்பை நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, வெங்காயம் வெட்டியபடி மன்றத்துப் பழைய ஆட்களின் வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்தேன். எங்கள் ஆட்களிடம் எடுத்த எடுப்பில் விசயத்தைக் கேட்க முடியாது. முதலில் சாப்பிட்டாச்சோ, என்ன கறி என்று கேட்க வேண்டும். மகனுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி கிடைத்ததா, மகளுக்குக் கல்யாணப் பேச்சுக்கால் எந்த மட்டில் நிற்கிறது, இடுப்பு வலி எப்படி என்றெல்லாம் போய்ச் சுற்றி, கடைசியில் வைக்கிற நேரத்தில், ‘அதுசரி, இன்னொரு விசயம்’ என்று தொடங்க வேண்டும். யாரையும் விடவும் ஏலாது. பக்கத்து வீட்டுக்கு எடுத்து எங்களுக்கு எடுக்கவில்லை என்று ஒரு கதை வந்தால் அதற்குத் தனிச் சமாதானம் பேச வேண்டிவரும். என் கணிப்பில் மாதிரிக்கு ஆள் பொறுக்கும் வேலையே இல்லை, முழுச் சனமும்தான்.

முழுச் சனமும் ஓம் என்றது.

அண்ணைக்கு இல்லாமல் வேற ஆருக்கு என்றார்கள். இதைக் கேட்கவே வேணுமோ அக்கா என்றார்கள். ஒருவர் மட்டும், "பாப்பம் தங்கச்சி" என்றார். பாப்பம் என்றால் இல்லை என்று தெரியாதவளா நான்? அவரை எதிர்ப்பக்கத்தில் போட்டுக்கொண்டேன். எனக்கு எங்கள் சனத்தின் நாடி நன்றாகத் தெரியும் என்று ஒரு பெருமை வேறு.

வைத்தவுடன் இவரிடம் போய் ஒப்பிப்பேன். யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்லுவேன். அண்ணை இல்லாவிட்டால் அந்த மழைப் பொங்கல் நடந்திருக்குமோ என்று ஒருத்தி சொன்னாள். புருசன் வேலையிடத்தில் விழுந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது அண்ணைதான் என்று இன்னொருத்தி. எனக்கே தெரியாத சங்கதிகள். இவர், சும்மா விடும், சனம் அப்படித்தான் சொல்லும் என்று போனைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் போகும். பிறகு மெல்லமாக, "வேற என்ன சொன்னவ?" என்று கேட்பார்.

இவர் கால் தேறி வேலைக்கும் திரும்பிவிட்டார். நானும் நிற்கிறேன் என்று பழைய ஆட்களிடம் சொல்லியும் விட்டார். நண்பரும் நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் கூடி இரகசியமாக வாக்குப் போட்டு இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவு செய்வது, அதன் பிறகு அவர் கடைக்காரரோடு மோதுவது என்று முடிவாயிற்று. சோளம் விளையும் மாநிலம் எங்கள் நகரத்துக்கே வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் மகள் பிராங்பேர்ட்டிலிருந்து வந்தாள். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். படித்துவிட்டு, சனத்திடம் கேள்வி கேட்டுக் கணக்குப் போடுகிற ஒரு கம்பனியில்தான் வேலை. எந்தப் பற்பசை நல்லது என்பதிலிருந்து எந்தக் கட்சி வெல்லும் என்பதுவரை கேட்பார்களாம். வெள்ளி பின்னேரம் நான் கடைசியாக விடுபட்ட ஒரு வீட்டுக்குப் போன் எடுத்துப் பேசியதை மேசையில் இருந்து முழுக்கக் கேட்டாள். நான் வைத்ததும் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

இது உம்ஃப்ராகே இல்லையம்மா, கருத்துக்கணிப்பே இல்லை, நலம் விசாரிப்பு என்றாள். கேட்கிறது யார் என்பதைப் பார்த்துத்தான் சனம் பதில் சொல்லும், அதற்காகத்தான் தங்கள் கம்பனியில் முன்பின் தெரியாத ஆளைக்கொண்டு கேட்பிப்பார்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. எங்கட சனம் பொய் சொல்லாது என்றேன்.

"பொய் இல்லையம்மா. பெஞ்சாதி கேக்கிறா, அவவை நோகப்பண்ண ஏலாது. அதுக்குச் சொல்லுற ஓம்."

அவளே ஒரு வழியும் சொன்னாள். நீங்கள் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்கக் கூடாது. மற்ற ஆட்கள் யாருக்குப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். தன் மனதில் இருப்பதை மற்றவன் தலையில் வைத்துச் சொல்லுவது சனத்துக்குச் சுகமாம். கேள் பார்ப்பம் என்றேன் வீம்பாக. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சில வீடுகளுக்கு எடுத்தாள். பிள்ளை பிராங்பேர்ட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்று அவர்களும் சந்தோசமாகப் பேசியிருக்கிறார்கள்.

வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. என் பக்கத்தில் வந்து இருந்தாள். அப்பாவைப் போல ஒரு மனுசன் இல்லை என்றுதான் எல்லாரும் தொடங்கினார்களாம். ஆனால் சனம் மற்ற அண்ணைக்குத்தான் போடும் போலக் கிடக்கு பிள்ளை, கடைக்காரரோடு வாய் கொடுக்க அவர்தான் சரி என்று சனம் நினைக்கும் என்று முடித்தார்களாம். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் அதே பதில்.

"அப்பா வெல்லமாட்டார் அம்மா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி அடங்காது. முதலில் மகள்மேல் வந்தது. பிறகு அந்தச் சனத்தின்மேல் வந்தது. அதில் ஒருத்திக்கு இவர் குளிர்ப்பெட்டியை நாலாம் மாடிவரைக்கும் தோளில் ஏற்றிக் கொடுத்தவர். அந்த முழங்கால் தேய்ந்ததில் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஓம் அக்கா ஓம் அக்கா என்று எவ்வளவு இனிப்பாகச் சொன்னாள். திருப்பி எடுத்து நாலு கேட்கிறேன் பார் என்று போனைத் தூக்கினேன். மகள் அதை வாங்கி வைத்துவிட்டு, அப்பாவுக்கு நான் சொல்லவோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கேட்டுத் திரிந்தவள் நான். சொல்ல வேண்டியவளும் நான்தான்.

சனி காலை இவர் குசினியில் சேட் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த நாளுக்கான வெள்ளைச் சேட். எங்கள் வீட்டில் அயர்ன் பண்ணுவது இவர்தான், எனக்கு அந்த வேலைக்குப் பொறுமை கிடையாது. கழுத்துப் பட்டியை எவ்வளவு கவனமாக அழுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுசன் இவ்வளவு ஆசையாக ஒரு சேட்டை அயர்ன் பண்ணும்போது எதைச் சொல்லித் தொடங்குவது? எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மகள் கேட்டதையும் சனம் சொன்னதையும் அப்படியே சொன்னேன். விலகிவிடுங்கோ, காய்ச்சல் என்று சொல்லுங்கோ, நான் போய்ச் சொல்லுறன் என்றேன்.

இவர் அயர்னைத் தூக்கி நிறுத்தி வைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்றேன்.

"அக்கா எனக்கு எடுத்தவ."

நண்பரின் மனைவி. என்னைப் போலவே அவளும் தன் மனுசனுக்காக வீடு வீடாக எடுத்துக் கேட்டிருக்கிறாள். யாரையும் விடக் கூடாது என்ற அதே பயத்தில் இவரையும் கேட்டிருக்கிறாள். போட்டி போடுகிறவரிடமே போய், நீங்கள் எங்கட அவருக்குப் போடுவீங்கள்தானே தம்பி என்று. எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு வேலை செய்யமாட்டார்கள்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னன்."

இவர் சேட்டின் கையை விரித்துக்கொண்டே சொன்னார். அக்கா கேட்கும்போது எப்படி இல்லை என்பது? அடுக்குக் கட்டில் காலத்தில் இவருக்குக் காய்ச்சல் வந்தபோது, புதிதாக வந்திறங்கிய அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தவளாம். ஓம் என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் விளங்கியதாம், நானே இப்படிச் சொன்னால் மற்றச் சனம் எனக்குச் சொன்ன ஓம் எல்லாம் எந்த மாதிரியான ஓம் என்று. அது நடந்து இரண்டு கிழமைக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகும் நான் பின்னேரம் பின்னேரமாக வெங்காயத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் அப்போதே என்னை நிறுத்தவில்லை என்று கத்தினேன். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நீர் ஒவ்வொரு நாளும் வந்து சனம் என்னைப்பற்றி என்ன சொன்னதெண்டு சொன்னனீர். வாக்கை விடும். அந்தக் கதையள் பொய் இல்லைத்தானே? ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மைதானே? அதை உம்மட வாயால கேட்கச் சந்தோசமாய் இருந்தது. நிப்பாட்ட மனம் வரேல்லை."

நான் அழுதுவிட்டேன். வெங்காயம்கூட இல்லை, சாட்டுச் சொல்ல. இத்தனை வருடத்தில் நானாக ஒருநாள்கூட இவரைப் புகழ்ந்ததில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. எங்கள் வீடுகளில் புருசனைப் பெண்சாதி புகழுவது வழக்கமில்லை. கோப்பையில் இன்னொரு மீன் துண்டை வைப்போம், அதோடு சரி.

விலகமாட்டேன் என்றார் இவர். இப்போது விலகினால், எனக்கு ஓம் என்று சொன்ன சனம் தங்களால்தான் என்று மனம் நோகுமாம். நாளைக்கு யாருக்குப் போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். சொல்லிவிட்டேனே, நண்பருக்குத்தான் என்றார். தனக்கு எதிராகத் தானே வாக்குப் போடுகிற வேட்பாளரை அமெரிக்காவில் கண்டிருக்கிறீர்களா என்றேன். இவர் சிரித்துக்கொண்டே அடுத்த கையை அயர்ன் பண்ணினார். ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. இங்கே குசினியில் சிரிப்பது வேறு, அங்கே எல்லாரும் பார்த்திருக்க எண்ணிக்கையை வாசிக்கும்போது இருப்பது வேறு.

ஞாயிறு பின்னேரம் தேவாலயத்து மண்டபத்தில் கூடினோம். ரோல்ஸும் வடையும் தேத்தண்ணியும் ஒரு மேசையில். கதிரையில் கை வைக்கக் கூடாது என்று இவரை எச்சரித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன், இருந்தாலும் மைக்கைப் பூட்டியது இவர்தான். எனக்கு ஓம் என்று சொன்னவர்கள் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. வடை நல்லாயிருக்கு என்று வடையைப் பார்த்துச் சொன்னார்கள்.

முதலில் நண்பர் பேசினார். வழக்கம்போல அழகாகப் பேசினார். பிறகு இவர் போனார். மைக்குக்கு முன்னால் நின்றதும் பழக்கதோசத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றுவிட்டார். மண்டபம் சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. இவரும் சிரித்தார். பிறகு சொன்னார்.

"என்ர மனிசி உங்கள் எல்லாரையும் கேட்டவ. நீங்களும் ஓம் எண்டு சொன்னனீங்கள். அதை நினைச்சு ஒருத்தரும் மனம் கஷ்டப்படவேண்டாம். என்னை அக்கா கேட்டவ, நானும் அண்ணைக்கெண்டு சொல்லிப்போட்டன், அண்ணைக்குத்தான் போடுறன். நீங்கள் உங்களுக்கு ஆர் சரியெண்டு படுதோ அவருக்குப் போடுங்கோ. ஆர் வந்தாலும் பொக்ஸ் நான்தான் தூக்குவன்."

அவ்வளவுதான் பேச்சு. குளிர்ப்பெட்டிக்காரி முதலில் கைதட்டினாள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். முன்வரிசையில் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்து, உங்கட மனுசனையும் கேட்டுப்போட்டன் தங்கச்சி, விசரி நான் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் விசரிதான் என்றேன்.

ஒரு வெற்று பிஸ்கட் டின்னில் துண்டுகளைப் போட்டோம். எண்ணினார்கள். நண்பர் நல்ல வித்தியாசத்தில் வென்றார். மகள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வாசித்து முடிந்ததும் நான் வேறு யாரையும் பார்க்கவில்லை, இவரை மட்டும் பார்த்தேன். நண்பர் மேடையிலிருந்து இறங்கி வந்து இவரைக் கட்டிப்பிடித்தார். இவர் அவருடைய முதுகில் தட்டிவிட்டு, அந்த மேசையை ஒரு பக்கம் பிடியுங்கோ அண்ணை, மண்டபத்தை நேரத்துக்குக் கொடுக்கவேணும் என்றார். மேடைப் பேச்சுக்காரர் மேசை தூக்குவதை அன்றுதான் கண்டேன். இரண்டு பேருமாகக் கதிரைகளையும் அடுக்கினார்கள். என் பயம் அந்தக் கதிரைகளோடு அடங்கிப் போயிற்று. பெரிய தேர்தலில் கடைசியில் கடைக்காரர்தான் வென்றார், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பும்போது நான் கார் ஓடினேன். மகளை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது இவர் கேட்டார்.

"நீர் ஆருக்குப் போட்டனீர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வீட்டையும் நான் கேட்டிருக்கிறேன், என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை. இவரும் கேட்டதில்லை.

"உங்களுக்குத்தான்" என்றேன்.

இவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சிரித்தார். "கேட்டா எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் ஒரு சின்ன இடம் பகிடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. விளக்குப் பச்சையாகிப் பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அதற்குமேல் எதைச் சொன்னாலும் அதுவும் கேட்டதற்குச் சொன்ன பதிலாகத்தான் இருக்கும் என்று பேசாமல் காரை எடுத்தேன்.

அடுத்த நாள் இவருக்குக் காலை வேலை. வாசலில் குந்தியிருந்து, தேறின காலை நீட்டிச் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னேன். உங்களுக்குத்தான் போட்டன், இன்னொருக்கா வைச்சாலும் உங்களுக்குத்தான் என்றேன்.